மாங்காவில் விளக்கத் தனிமொழியை அளவோடு கையாளுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பாத்திரங்களை மையமாக வைத்து மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, எழுதத் தொடங்குபவர்களின் முதல் சேப்டரில் ஒரு குறை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. நாயகனோ நாயகியோ ஜன்னலருகே தனியாக நின்று, தன் கடந்த காலம், தன் மனக்காயம், தன் குறிக்கோள் ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில், நெருக்கி அடுக்கிய பேச்சுக்குமிழ்களில் சொல்லி முடித்துவிடுகிறார். அதற்குப் பிறகு அந்தப் பாத்திரத்தைப் பற்றி வாசகர் தானாகக் கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. அடுத்த இருநூறு பக்கங்களும் ஏற்கெனவே சொல்லப்பட்டதற்கு வரையப்பட்ட படங்களாகவே நின்றுவிடுகின்றன.

இந்த வழிகாட்டி அந்தக் குறையைக் கண்டறிந்து திருத்துவதற்கான வழியைச் சொல்கிறது. தனிமொழியே கூடாது என்பது இதன் வாதம் அல்ல. மாங்காவின் மிகச் சிறந்த தருணங்கள் சில தனிமொழிகளால் ஆனவை. ஒரு பேச்சு பாத்திரத்துக்குத் தேவைப்பட்டு எழுகிறதா, அல்லது வாசகருக்குத் தகவல் போய்ச்சேர வேண்டும் என்பதற்காக அந்தப் பாத்திரத்தின் வாயில் வைக்கப்படுகிறதா என்பதே கேள்வி. இரண்டாவது வகையைத்தான் இங்கே விளக்கத் தனிமொழி என்கிறேன்.

முதலில்: எது தனிமொழி, எது விளக்கம்?

இரண்டையும் குழப்பிக்கொண்டால் திருத்தம் தவறான இடத்தில் விழும். 1970களில் ஹாகியோ மோட்டோ, டகேமியா கேய்கோ முதலியோர் ஷோஜோ மாங்காவில், அதாவது சிறுமியருக்கான மாங்காவில், பாத்திரத்தின் மனவோட்டத்தைக் குமிழுக்குள் அடைக்காமல், பக்கத்தின் வெண்பரப்பில் மிதக்கவிடும் முறையை வளர்த்தெடுத்தனர். அவர்களில் பலர் ஜப்பானிய ஆண்டுக்கணக்கில் ஷோவா 24, அதாவது 1949ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர்கள் என்பதால் ‘24ஆம் ஆண்டுக் குழு’ என்று அவர்களை அழைப்பது வழக்கம். அவர்களுடைய பக்கங்களில் மிதக்கும் சொற்கள் பெரும்பாலும் எதையும் விளக்குவதில்லை; பாதியில் அறுபடும், தன்னையே கேள்வி கேட்கும், படத்தில் இருக்கும் முகத்தோடு முரண்படும். பாத்திரம் தனக்கே தெரியாத ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கும்போது எழும் குரல் அது.

விளக்கத் தனிமொழியில் தேடல் இருக்காது. பேசுபவருக்கு எல்லாம் முன்பே தெரியும். வாக்கியங்கள் முழுமையாக இருக்கும். காரணமும் விளைவும் வரிசையாக வரும். ‘அதனால்தான் நான்’ என்ற தொடர் எங்காவது தலைகாட்டும். எழுதிய பக்கங்களில் அந்தத் தொடரை மட்டும் தேடிப் பார்த்தாலே குறையுள்ள இடங்களில் பெரும்பகுதி அகப்பட்டுவிடும்.

இது ஏன் இவ்வளவு எளிதாக நேர்கிறது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். வாராந்திர ஷோனென் இதழில், அதாவது சிறுவர்களுக்கான மாங்கா இதழில், ஒரு சேப்டருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 19 பக்கங்கள். நடுவில் படிக்கத் தொடங்கும் வாசகருக்கும் கதை புரிய வேண்டும். காலக்கெடு தலைக்கு மேல் நிற்கும்போது, ஒரு சம்பவத்தை மூன்று பக்கத்தில் வரைந்து காட்டுவதைவிட ஒரு முகத்தை வரைந்து அருகில் நான்கு குமிழ்களை வைப்பது வேகமாக முடிகிறது. சோம்பல் இதற்குக் காரணமென்று நான் நினைக்கவில்லை. பக்கத்துக்கும் நேரத்துக்கும் இருக்கும் தட்டுப்பாடும், வாசகருக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற அச்சமும் சேர்ந்துதான் எழுத்தாளரை இந்த வழிக்குத் தள்ளுகின்றன. ஆகவே திருத்தும் முறையும் அந்த அச்சத்துக்குப் பதில் சொல்வதாக இருக்க வேண்டும்.

படி 1: ‘நேம்’ கட்டத்திலேயே குறியிடுங்கள்

மை பூசி முடித்த பக்கத்தில் எதையும் மாற்ற மனம் வராது. அதனால் இந்த வேலையை, ஜப்பானிய மாங்கா கலைஞர்கள் ‘நேம்’ என்று அழைக்கும் கரட்டுவரைவிலேயே செய்துவிட வேண்டும். கட்டங்களின் அமைப்பு, குமிழ்களின் இடம், வசனம், குச்சி உருவங்கள் ஆகியவை மட்டும் இருக்கும் நிலையில் ஒரு பக்கத்தையே கிழித்துப் போட்டாலும் இழப்பு பெரிதல்ல.

நேமை எடுத்துக்கொண்டு, இரண்டு குமிழ்களுக்கு மேல் ஒரே பாத்திரம் தொடர்ந்து பேசும் அல்லது எண்ணும் இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள். பிறகு ஒவ்வொரு வட்டத்தின் அருகிலும் மூன்று கேள்விகளுக்கான விடையை எழுதுங்கள். இவர் இதை யாரிடம் சொல்கிறார்? இன்று, இந்த இடத்தில் சொல்ல அவரைத் தூண்டியது எது? சொன்னதால் அவருக்கு என்ன கிடைக்கிறது, அல்லது எது பறிபோகிறது? மூன்றுக்கும் விடை இருந்தால் அந்தப் பேச்சு நிற்கலாம். மூன்றாவது கேள்விக்கு மட்டும் விடை இல்லையென்றால் இடமோ நேரமோ தவறியிருக்கலாம். ஒன்றுக்குமே விடை இல்லையென்றால், அந்தக் குமிழ்களில் பேசுவது பாத்திரம் அல்ல, நீங்கள்.

படி 2: தகவலைப் பிரித்துப் பாருங்கள்

நீண்ட தனிமொழி ஒன்றுக்குள் பொதுவாக நான்கு வகைத் தகவல்கள் கலந்து கிடக்கும்: உலகத்தின் விதி, கடந்த காலச் சம்பவம், உணர்வு, அடுத்து செய்யப்போவது. ஒவ்வொன்றையும் வாசகரிடம் சேர்க்கும் வழி வேறு.

உலகத்தின் விதியை யாராவது மீறும்போதும், அதை மீறியதற்காகத் தண்டனை பெறும்போதும் வாசகர் வேகமாகக் கற்றுக்கொள்கிறார். கடந்த காலச் சம்பவம், அதை அறியாத ஒருவர் தெரியாமல் அதன்மேல் கைவைக்கும்போது வெளியே வருகிறது. அடுத்து செய்யப்போவதைப் பெரும்பாலும் சொல்லவே தேவையில்லை, செய்தால் போதும். திட்டம் தோல்வியடையப் போகிறதென்றால் மட்டும் அதை முன்கூட்டிச் சொல்லலாம்; தோற்கும்போது எது பிசகியது என்பது வாசகருக்கு விளங்கும்.

உணர்வுதான் இவற்றில் கடினமானது. பதினாறு வயதுப் பாத்திரம் ஒன்று தன் காயத்தின் வேர் இன்னதென்று பிசிறில்லாமல் எடுத்துச் சொல்லுமானால், அது அந்தக் காயத்திலிருந்து ஏற்கெனவே பாதி மீண்டுவிட்டது என்றுதான் பொருள். அப்படிப்பட்டவருக்குக் கதை எதற்கு? பாத்திரம் தன்னைப் பற்றிச் சொல்லும் விளக்கம் தவறாகவோ அரைகுறையாகவோ இருக்கும்போதுதான், அவர் சொல்வதற்கும் நாம் காண்பதற்கும் இடையிலுள்ள இடைவெளியில் மனிதர் ஒருவர் தெரிகிறார்.

படி 3: சொல்ல வேண்டியவர் யார் என்று தேடுங்கள்

சில தகவல்களைச் சொற்களால்தான் சொல்ல முடியும். அப்போதும் அதைச் சம்பந்தப்பட்ட பாத்திரமே சொல்ல வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. இதற்கு இனோவே டகேஹிகோவின் ‘ஸ்லாம் டங்க்’ ஒரு சிறந்த பாடம். 1990 முதல் 1996 வரை வாராந்திர ஷோனென் ஜம்ப்பில் வெளிவந்த தொடர் அது.

நீண்ட தலைமுடியோடு, அடியாட்கள் புடைசூழ மிட்சுயி கூடைப்பந்துக் குழுவின் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைகிறான். வாசகருக்கு அவன் ஒரு ரௌடி, அவ்வளவுதான். அவனிடம் பெரியதொரு முன்கதை இருக்கிறது: நடுநிலைப் பள்ளியில் மிகச் சிறந்த ஆட்டக்காரனாகத் தேர்வானவன், முழங்கால் காயத்தால் களத்தை விட்டு விலகியவன். இதை அவனே ஒரு தனிமொழியில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தன் நிலைக்கு இரக்கம் கோரும் ஒருவனாக அவன் சுருங்கியிருப்பான். அந்தக் கணத்திலேயே ரௌடியின் மிரட்டலும் கரைந்து போயிருக்கும்.

இனோவே அந்தப் பொறுப்பைக் கோகுரேவிடம் கொடுக்கிறார். மிட்சுயியோடு ஒரே ஆண்டில் குழுவில் சேர்ந்த, யாரிடமும் குரலை உயர்த்தாத கோகுரே, அடிதடிக்கு நடுவே முன்னால் வந்து பழையதைப் பேசுகிறான். மிட்சுயிக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை; தன்னை நெருங்கியவனையே அடிக்கிறான். இங்கே முன்கதை ஒரு தாக்குதலாக மாறிவிடுகிறது. ஒருவன் சொல்ல விரும்புகிறான், மற்றவன் தடுக்க விரும்புகிறான், சுற்றி நிற்பவர்களுக்கு அது புதிய செய்தி. தகவல் வாசகரைச் சேரும் அதே நேரத்தில் காட்சியும் முன்னே நகர்கிறது. பயிற்சியாளர் அன்சாய் கதவைத் திறந்து உள்ளே வந்ததும், மிட்சுயி மண்டியிட்டு, மீண்டும் கூடைப்பந்து ஆட விரும்புவதாக ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறான். அந்த வாக்கியம் இத்தனை ஆண்டுகளாக வாசகர் நினைவில் நிற்பதற்குக் காரணம், அதற்கு முன்பு அவன் தன்னைப் பற்றி எதையுமே ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செயல்முறை இது. உங்கள் தனிமொழியில் இருக்கும் முன்கதையை அறிந்த வேறு பாத்திரங்களின் பட்டியலை எழுதுங்கள். அவர்களில் அதைச் சொல்ல அதிகத் துணிச்சல் தேவைப்படுபவர் யாரோ அவரிடம் கொடுங்கள். சம்பந்தப்பட்டவர் அதைத் தடுக்க முயலட்டும். பட்டியலில் ஒருவரும் இல்லையென்றால், உங்கள் நாயகரைச் சுற்றிப் போதுமான உறவுகளை நீங்கள் இன்னும் உருவாக்கவில்லை. வசனத்தைத் திருத்துவதற்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும்.

இதற்கு இன்னொரு கோணமும் உண்டு. ‘ஒன் பீஸ்’ தொடரில் நாயகனின் கூட்டாளியான நாமியின் கடந்த காலம் அவளுடைய அக்காள் நோஜிகோவின் வழியாக விரிகிறது. கேட்க வேண்டிய நாயகன் லூஃபியோ, அவளுடைய பழங்கதையில் தனக்கு ஆர்வமில்லை என்று எழுந்து உலாவப் போய்விடுகிறான். வாசகருக்குத் தெரிந்தது நாயகனுக்குத் தெரியாது. பின்னர் நாமி உதவி கேட்கும்போது காரணம் எதையும் கேளாமல் அவன் முன்வருவதற்கு இருக்கும் வலிமை, அந்த அறியாமையிலிருந்து வருகிறது. எல்லாப் பாத்திரங்களுக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணமே பல தேவையற்ற விளக்கங்களைப் பெற்றெடுக்கிறது.

படி 4: ஓர் உணர்வுக்கு ஒரு காட்சி விதி

மாங்காவில் மட்டுமே சாத்தியமான ஒரு வழி இருக்கிறது: உணர்வு நிலை ஒன்றைத் திரும்பத் திரும்ப வரும் வரைகலைக் குறியாக மாற்றுவது. ஓயிமா யோஷிடோகியின் ‘எ சைலன்ட் வாய்ஸ்’, 2013–2014இல் வாராந்திர ஷோனென் மேகஸினில் வந்தது. செவித்திறனற்ற சகமாணவியைத் துன்புறுத்திய இஷிடா, பிறகு தானே வகுப்பில் ஒதுக்கப்பட்டு, உயர்நிலைப் பள்ளியில் யாருடைய முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியாதவனாக இருக்கிறான். ஓயிமா அவனைச் சுற்றியிருப்பவர்களின் முகங்களின்மேல் பெரிய பெருக்கல் குறியை வரைந்துவிடுகிறார். நாகட்சுகா அவனுடைய நண்பனாகும்போது அந்த ஒரு முகத்திலிருந்து குறி கழன்று விழுகிறது.

‘நான் மனிதர்களிடமிருந்து விலகி வாழ்கிறேன், ஆனால் இன்று ஒருவனை நம்பத் தொடங்குகிறேன்’ என்ற தனிமொழி செய்ய வேண்டிய முழு வேலையையும் கீழே விழும் ஒரு குறி செய்துவிடுகிறது. அதைவிட முக்கியமானது, இந்த விதி ஒருமுறை நிறுவப்பட்டதும் பின்னால் அதைத் திருப்பிப் போட முடிகிறது. உறவுகள் முறியும்போது குறிகள் மீண்டும் முகங்களில் வந்து ஒட்டிக்கொள்கின்றன; ஒரு சொல்லும் தேவைப்படுவதில்லை.

உங்கள் நாயகருக்கு இப்படியொரு விதியை அமைக்கும்போது அதை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் சேப்டரில் இரண்டு முறையாவது, விளக்கம் இல்லாமல் காட்டுங்கள். மூன்றாவது முறை அதை உடையுங்கள். விதியைப் பாத்திரம் தன் வாயால் விளக்கினால் பயன் போய்விடும்.

படி 5: ஒரு பக்கத்தைத் திருத்திப் பார்ப்போம்

கொள்கையாகக் கேட்கும்போது இவையெல்லாம் எளிதாகத் தோன்றும். ஆகையால் இதற்காகவே நான் அமைத்த ஒரு கற்பனைப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். கதைக்களம் ஜப்பானியப் பள்ளி ஒன்றின் கியூடோ, அதாவது வில்வித்தைக் கிளப். ஹருகா இரண்டாம் ஆண்டு மாணவி. முதல் வரைவில் அவள் மாலையில் தனியாகக் கூடத்தில் நிற்கிறாள். நான்கு குமிழ்களில் அவளுடைய மனவோட்டம் ஓடுகிறது:

“மூன்று வருடங்களுக்கு முன் அண்ணன்தான் இந்தக் கிளப்பின் கேப்டன்.”
“அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும், கடைசிப் போட்டிக்கு முன்பே கிளப்பை விட்டுவிட்டுக் கடையைப் பார்க்கப் போய்விட்டான்.”
“என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதனால்தான் நான் இன்றுவரை அவனை மன்னிக்கவில்லை.”
“ஆனாலும் அவனுடைய கையுறையைத்தான் இன்னும் போட்டுக்கொள்கிறேன்.”

இரண்டாம் படியின்படி பிரித்தால், முதல் இரண்டும் கடந்த காலச் சம்பவங்கள், மூன்றாவது உணர்வு, நான்காவது ஒரு முரண். இவற்றில் பாத்திரம் என்று சொல்லத்தக்கது நான்காவது மட்டுமே. மன்னிக்காத ஒருவனின் பொருளை அவள் ஏன் அணிகிறாள் என்ற கேள்வியில்தான் கதையே இருக்கிறது. ஆனால் மற்ற மூன்று குமிழ்களும் அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே விடை எழுதிவிட்டன.

இப்போது கையுறையிலிருந்து தொடங்குவோம். கியூடோவில் வலக்கையில் அணியும் மான்தோல் கையுறைக்கு யுகாகே என்று பெயர். பழகப் பழக அணிபவரின் கைக்கு ஏற்ப அது படிந்துவிடும். எனவே இன்னொருவரின் யுகாகே ஒருவருக்குச் சரியாகப் பொருந்தாது. இந்த ஓர் உண்மையே நமக்குப் போதும். முதல் கட்டம்: ஹருகா கையுறையின் மணிக்கட்டு நாடாவை இறுக்கிக் கட்டுகிறாள், வழக்கத்தைவிட ஒரு சுற்று கூடுதலாக. இரண்டாம் கட்டத்தில் முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி எட்டிப் பார்க்கிறாள்; மூத்த மாணவியை ‘சென்பாய்’ என்று அழைப்பது அங்கே வழக்கம்.

“சென்பாய், அது உங்களுக்குப் பெரிசா இருக்கே?”
“பழகிடுச்சு.”

அடுத்த கட்டங்களில் பேச்சே இல்லை. இலக்கு 28 மீட்டர் தொலைவில் இருக்கிறது, அதன் விட்டம் 36 சென்டிமீட்டர். நான்கு அம்புகள் எய்கிறாள். இரண்டு இலக்கில் தைக்கின்றன. இரண்டு அதன் பின்னாலுள்ள மணல்மேட்டில் புதைகின்றன. வாசகர் எண்ணிக்கொள்ளும்படி அந்த மணல்மேட்டை ஒரு முழு அகலக் கட்டமாக வரைய வேண்டும். பிறகு வீடு. அண்ணன் கடையின் ஷட்டரை இறக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்கிறான்.

“இன்னிக்கு எத்தனை?”
“நாலும்.”

அவ்வளவுதான். அவள் அவனிடம் பொய் சொல்கிறாள் என்று வாசகருக்குத் தெரியும், ஏனென்றால் மணல்மேட்டில் புதைந்த அம்புகளை அவர் கண்டிருக்கிறார். ஏன் பொய் சொல்கிறாள் என்பது தெரியாது. அவனுக்குமுன் தோற்கப் பிடிக்கவில்லையா, அவன் விட்டுப்போனதை அவனுக்கு உறுத்திக் காட்டுகிறாளா, அவன் மகிழ வேண்டும் என்று நினைக்கிறாளா? மூன்றும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம். அண்ணன் கேப்டனாக இருந்தான் என்பதை அடுத்த சேப்டரில் கிளப்பின் பழைய குழுப்படம் ஒன்று சொல்லிக்கொள்ளும். அப்பாவின் நோயைக் கடை மேசையின் ஓரத்தில் எந்நேரமும் இருக்கும் மருந்துப் பொட்டலம் சொல்லும்.

இந்தத் திருத்தத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஒரு பக்கமாக இருந்தது மூன்று பக்கமாகிவிட்டது. சேப்டரில் வேறெங்காவது இரண்டு பக்கங்களை வெட்டித்தான் ஆக வேண்டும். என் அனுபவத்தில், அப்படி வெட்டுவதற்கு ஏற்ற இடம் பெரும்பாலும் தொடக்கத்தில் இருக்கும்: ஊரையும் பள்ளியையும் பருவகாலத்தையும் அறிமுகப்படுத்தும் முதல் பக்கங்கள். கையுறையின் நாடாவிலிருந்தே சேப்டரைத் தொடங்கிவிட முடியும்.

படி 6: வைத்துக்கொள்ள வேண்டிய தனிமொழிகளை அடையாளம் காணுங்கள்

இந்த இடத்தில் பலர் மறுகோடிக்குப் போய், வசனமே இல்லாத பக்கங்கள்தாம் உயர்ந்தவை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது சரியல்ல. விளக்கம் சில கதைகளுக்கு உயிர்நாடி.

2003 முதல் 2006 வரை வந்த ‘டெத் நோட்’டில் மனவோட்டம்தான் செயல். கொலைகாரன் லைட்டும் அவனைத் தேடும் துப்பறிவாளன் எல்லும் டென்னிஸ் ஆடும் காட்சியில் படம் விளையாட்டைக் காட்டுகிறது. சொற்கள் ஒருவர் மற்றவரின் சந்தேகத்தை அளந்துகொண்டிருப்பதைக் காட்டுகின்றன. படமும் சொல்லும் வெவ்வேறு வேலைகளைச் செய்வதால் ஒன்று மற்றொன்றை மிகையாக்குவதில்லை. வாய்விட்டுச் சொல்ல முடியாததையே அவர்கள் எண்ணுகிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது.

‘மை ஹீரோ அகாடெமியா’வில் இசுகு மிடோரியா மற்றவர்களின் சக்திகளை முணுமுணுத்து அலசிக்கொண்டே இருக்கிறான், நோட்டுப் புத்தகங்களில் குறித்தும் வைக்கிறான். உலகத்தின் விதிகள் வாசகருக்கு அந்த வழியாகவே தெரியவருகின்றன. ஆனால் அந்த முணுமுணுப்பு அவனுடைய குணம். சக்தியில்லாமல் பிறந்து, சக்தியுள்ளவர்களை ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருந்த சிறுவனுக்கு வேறென்ன பழக்கம் வரும்? அருகிலிருப்பவர்கள் அதைக் கண்டு மிரள்கிறார்கள். விளக்கம் யாரிடமாவது ஒரு விளைவை ஏற்படுத்தினால் அது காட்சியின் பகுதியாகிவிடுகிறது.

மூன்றாவது எடுத்துக்காட்டு சற்றுச் சிக்கலானது. டோகாஷி யோஷிஹிரோ 1998இல் தொடங்கிய ‘ஹண்டர் எக்ஸ் ஹண்டர்’ தொடரில், கிமேரா எறும்புப் பகுதியின் அரண்மனைத் தாக்குதல் முழுவதையும் பெயரற்ற கதைசொல்லி ஒருவரின் குரல் சூழ்ந்திருக்கிறது. நொடிகளில் முடியும் நகர்வுகள் பக்கம் பக்கமாக விளக்கப்படுகின்றன. இது மிகை என்று சொல்பவர்களின் தரப்பில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் டோகாஷி அந்தச் சுமையைக் கதைசொல்லியின் பெட்டிக்குள் வைத்ததால், பாத்திரங்கள் தங்களைத் தாங்களே விளக்கிக்கொள்ள வேண்டிய நிலை குறைந்தது. அத்தனை சொற்களுக்கும் பிறகு, எறும்புகளின் மன்னன் மெருயெமும் பார்வையற்ற சிறுமி கோமுகியும் பகிர்ந்துகொள்ளும் இறுதிக் காட்சியில் படமே இல்லாத கறுப்புக் கட்டங்களும் சில சிறிய வசனங்களும் மட்டும் மிஞ்சுகின்றன. பார்வை மங்கிய மன்னன் அவள் பெயரை அழைக்கிறான், அவள் பதில் சொல்கிறாள். கதைசொல்லி விலகி நிற்கும் அந்தப் பக்கங்களுக்கு முன்னால் எழுதிய விளக்கங்கள் அனைத்தும் பின்னணியாகிவிடுகின்றன. தகவலை மூன்றாம் நபரின் பெட்டியில் வைப்பது எல்லோருக்கும் ஏற்ற வழியல்ல. ஆனால் நாயகனின் வாயில் திணிப்பதைவிட அது நேர்மையானது.

படி 7: சண்டைக் காட்சிகளும் விளையாட்டுக் காட்சிகளும்

இங்கேதான் பழக்கம் மிக ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கொடோகே கோயோஹாருவின் ‘கிமெட்சு நோ யாய்பா’, 2016 முதல் 2020 வரை வெளிவந்தது. அரக்கர்களை வேட்டையாடும் நாயகன் டான்ஜிரோ வாளை வீசும் நடுவிலும் தன் வலி, மூச்சு, அடுத்த நகர்வு, தன்னைத் தேற்றிக்கொள்ளும் சொற்கள் ஆகியவற்றை இடைவிடாமல் எண்ணிக்கொண்டிருக்கிறான். அவனுடைய நேர்மையான சுபாவத்துக்கு அது ஓரளவு பொருந்துகிறது என்றாலும், படம் ஏற்கெனவே காட்டிவிட்டதைச் சொல் திரும்பச் சொல்லும் கட்டங்கள் பல இருக்கின்றன என்றே கருதுகிறேன்.

ஆனால் அதே தொடர், அரக்கர்களின் முன்கதையை வைக்கும் இடத்தில் மிகுந்த நுட்பத்தோடு நடந்துகொள்கிறது. சிலந்திமலையின் ருயி, கழுத்து வெட்டுண்ட பிறகுதான் தன் பெற்றோரை முழுமையாக நினைவுகூர்கிறான். அந்த நினைவு சண்டையில் எதற்கும் உதவாது, டான்ஜிரோவுக்கும் கேட்காது. மறந்துபோனது திரும்பிவருவது ருயிக்கே ஒரு நிகழ்வு. டான்ஜிரோவோ அந்தச் சிறிய உடலிலிருந்து எழும் துயரத்தின் வாடையை மட்டும் உணர்ந்து அதன்மேல் கைவைக்கிறான். வாசகருக்குக் கதை தெரியும். நாயகனுக்குக் கதை தெரியாமலே இரக்கம் வருகிறது. முன்கதையை எப்போது வைப்பது என்று கேட்பவர்களுக்கு, அது பாத்திரத்துக்குப் பயன்படாத நேரத்தில் வைத்துப் பாருங்கள் என்று இதைக் காட்டலாம்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை சிலவே. பார்வையாளர் மாடத்தில் நின்று ஒவ்வொரு அடியையும் விளக்குபவரை வைத்திருந்தால், அவருக்கு முடிவில் ஏதாவது பங்கு இருக்கட்டும். அவர் தவறாகக் கணிக்கட்டும், அல்லது கணித்ததால் அஞ்சட்டும். புதிய உத்தியின் விதியைச் சண்டைக்கு முன்பே, பதற்றமில்லாத வேறொரு காட்சியில் கற்பித்துவிடுங்கள். உச்சக் கட்டம் வந்ததும் சொற்களைக் குறைத்துக்கொண்டே போங்கள். ‘ஸ்லாம் டங்க்’கின் சன்னோ பள்ளிக்கு எதிரான ஆட்டம் நினைவோட்டங்களும் எண்ணங்களும் நிறைந்தது, ஆனால் அதன் கடைசி நொடிகள் ஏறத்தாழச் சொல்லற்றவை. அதுவரை அந்த ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரின் உள்ளமும் நமக்குத் தெரிந்துவிட்டதால், அங்கே வெறும் உடல்களே போதுமானவையாக இருக்கின்றன.

படி 8: தவிர்க்க முடியாததைப் பக்கத்தில் எங்கே வைப்பது

இத்தனைக்குப் பிறகும் சில நீண்ட பேச்சுகள் மிஞ்சும். அவற்றை ஒரே கட்டத்தில் குவிக்காமல், பேசுபவரின் கையில் ஒரு வேலையைக் கொடுத்துப் பிரித்து வையுங்கள். அரிசி கழுவிக்கொண்டே ஒரு மரணத்தைப் பற்றிச் சொல்பவரின் கைகள் எந்த வாக்கியத்தில் நிற்கின்றன என்பது, வாக்கியத்தைவிட அதிகமாகச் சொல்லும். கேட்பவரின் முகத்துக்கும் கட்டம் ஒதுக்குங்கள்.

வலமிருந்து இடமாக வாசிக்கப்படும் ஜப்பானியப் புத்தகத்தில் வலப்பக்கம் முதலிலும் இடப்பக்கம் அடுத்தும் வரும். இடப்பக்கத்தின் அடி மூலைக் கட்டத்தை முடித்ததும் தாள் திரும்பும். பேச்சின் கடைசி வரியை அந்த மூலையில் வைக்காமல், அதற்கு முந்தைய வரியை வைத்து, தாளைத் திருப்பியதும் பதிலைப் படமாகக் காட்டினால் வாசகர் தானே முடிக்கத் தூண்டப்படுவார். திரையில் மேலிருந்து கீழாக உருட்டிப் படிக்கும் வடிவத்தில் தாள் இல்லாததால், அந்த இடைவெளியை வெற்றுப் பரப்பால் உண்டாக்க வேண்டும்.

தமிழில் மாங்கா பாணிக் கதை எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செங்குத்தாக எழுதப்படும் ஜப்பானிய வசனத்துக்கு ஏற்ற உயரமான, ஒடுங்கிய குமிழ்களுக்குள் நீளமான தமிழ்ச் சொற்கள் அடங்குவதில்லை. சொல் உடைந்தோ எழுத்து சுருங்கியோ போகிறது. குமிழை முதலிலிருந்தே அகலமாக அமைத்து, ஒரு குமிழுக்கு ஓர் எண்ணம் என்ற அளவை வைத்துக்கொண்டால், விளக்கங்களைக் குறைக்க வேண்டிய கட்டாயம் தானாகவே வந்துவிடும்.

படி 9: சொற்களை மூடி வாசித்துப் பாருங்கள்

திருத்திய நேமை எடுத்து, நீண்ட பேச்சுள்ள குமிழ்களின்மேல் மட்டும் வெள்ளைத்தாள் துண்டுகளை ஒட்டி, கதையை அறியாத ஒருவரிடம் கொடுங்கள். எதையும் விளக்காதீர்கள். படித்து முடித்ததும், இந்தப் பாத்திரம் எதை விரும்புகிறது, யாரிடம் கோபமாக இருக்கிறது, எதை மறைக்கிறது என்று கேளுங்கள். கதையின் எல்லா விவரங்களும் அவருக்குப் புரிய வேண்டியதில்லை. இந்த மூன்றில் இரண்டு புரிந்தாலே மூடிய குமிழ்களில் பெரும்பாலானவற்றை நீக்கிவிடலாம்.

புரியவில்லையென்றால் துண்டுகளை உடனே உரித்துவிடாதீர்கள். எந்தப் பக்கத்தில் அவர் வழிதவறினார் என்று கேட்டு, அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டத்தைச் சேருங்கள்: ஒரு பார்வை, எடுக்கத் தயங்கிய கை, தவறான பதில். அதே வாசகரிடம் மறுபடி கொடுக்காமல் வேறொருவரிடம் கொடுங்கள். அவருக்கும் விளங்காத இடத்தில் மட்டும் ஒரு துண்டை உரித்து, அதற்கடியில் இருக்கும் பேச்சிலிருந்து மிகக் குறைந்த வார்த்தைகள் கொண்ட ஒரு வாக்கியத்தை எடுத்து, அதைச் சொல்ல மிகவும் தயங்கக்கூடிய பாத்திரத்திடம் கொடுங்கள்.